அஞ்சு ஓட்டை, ஆறு தோட்டா

என் தம்பி டெல்மர் ஹேகனைப் பற்றி எங்கள் ஊர் ஆல்டர் பெண்டில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். மாவட்டத்துச் சரளைச் சாலையை யந்திரம் ஓட்டி அவனைப்போலச் சமமாகச் சீவி விட வேறு ஆள் இல்லை என்பது ஒன்று. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் பதினோரு துப்பாக்கியோடு குடித்தனம் நடத்துகிறான் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லும்போது சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டிருந்தவள்தான், போன ஜூலை வரைக்கும்.

பதினொன்றும் லீவர் வைத்த பழைய ரைஃபிள்கள். பிடிக்கு அடியில் விரல்கள் நுழைகிற மாதிரி ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதுதான் லீவர். கீழே தள்ளினால் பழைய தோட்டாக்கூடு வெளியே துள்ளும், மேலே இழுத்தால் புதுத் தோட்டா உள்ளே ஏறும். மொன்டானாவில் லீவர் ரைஃபிள் இல்லாத வீடு குறைவு. மான் சுட ஒன்று, கொயோட்டி என்கிற காட்டு நாயை விரட்ட ஒன்று என்று வைத்திருப்பார்கள். டெல்மர் அதைச் சுடுவதற்காக வாங்குகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டில்மேல் பழைய கம்பளியை விரித்து, வயசு வாரியாக வரிசையாகக் கிடத்துவான். ஒவ்வொன்றின் லீவரையும் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல அசைப்பான். சத்தத்தை வைத்தே இது தொண்ணூற்றிரண்டாம் வருஷ மாடல், இது எண்பத்தாறு என்று சொல்லுவான். நான் சர்ச்சிலிருந்து திரும்பும் வழியில் எட்டிப் பார்த்தால், "அக்கா, இதைக் கேளு, வெண்ணெயில கத்தி இறங்கற மாதிரி இல்ல?" என்பான். எனக்கு எல்லாம் ஒரே கிளிக்குதான். ஆமாம்டா என்று சொல்லிவிட்டு காபி போட்டுக்கொள்வேன்.

அவனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும் ஒரு பைத்தியம் உண்டு. திருகுப் பைத்தியம். நூறு வருஷத்துத் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் முதலில் திருகுகளைத்தான் பார்ப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். தலையில் உள்ள கீறல் கூர்மையாக, பிசிறில்லாமல் இருந்தால், செய்த நாளிலிருந்து அதில் ஸ்க்ரூடிரைவர் படவில்லை என்று அர்த்தம். அதற்குத்தான் மதிப்பு. ஒரு திருகை ஒருவன் தொட்டுவிட்டால் போயிற்று. துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி தலையை ஆட்டுவார்கள். பெரியவர்கள், பேரன் எடுத்தவர்கள், இதைச் செய்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டெல்மரிடம் இருந்ததிலேயே ராஜா, ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பதில் செய்த ஒரு வின்செஸ்டர் கம்பெனி ரைஃபிள், மாடல் வெளிவந்த வருஷத்தை வைத்து அதற்கு எழுபத்துமூணு என்று பேர். ஒரு பண்ணைக்காரர் இறந்தபின் அவர் மனைவியிடம் வாங்கினான். தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருக்கும். ஒரு திருகுகூடத் தொடப்படாதது. குழலுக்கு அடியில் இன்னொரு நீளக் குழாய் ஓடும். தோட்டாக்களை ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள்தான் தள்ளி வைக்கவேண்டும். உள்ளே ஒரு நீளச் சுருள்வில் அவற்றைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் குழாய்க்குள் எத்தனை வருஷத்து கிரீஸ் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் முனையில் இருக்கிற சின்னத் திருகைக் கழற்ற வேண்டும். டெல்மர் கழற்றுவானா?

வருஷத்துக்கு ஒருமுறை, அவன் பிறந்தநாளான பிப்ரவரி பதினோராம் தேதி, எல்லாத் துப்பாக்கியையும் ஊருக்கு வெளியே சரளை எடுக்கும் பள்ளத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றிலும் ஆறு தோட்டா சுடுவான். அன்று பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. வெடிச் சத்தத்துக்குக் காதில் அடைப்பான், அதற்குமேல் கம்பளித் தொப்பி. பதினோரு துப்பாக்கி, அறுபத்தாறு தோட்டா, யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்? லீவரைத் தள்ளி, உள்ளே காலியாகத் தெரிந்தால் முடிந்தது என்று அடுத்ததை எடுக்கிறான். எழுபத்துமூணின் காகிதத்தைப் போய்ப் பார்த்தால் ஐந்து ஓட்டை. ஆறு சுட்டோம், ஐந்து ஓட்டை, அப்படியென்றால் ஒரு ஓட்டையில் இரண்டு குண்டு போயிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டான். அந்தக் காகிதத்தைக் காபிக்கடைக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் அலட்டினான். பிறகு தன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிக்கொண்டான்.

இதெல்லாம் எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். தெரிந்து என்ன?

ஜூலையில் என் மகள் டெஸாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வேட் ப்ரூயிட், ஆட்டு மருத்துவர், வாய் நிறையச் சிரிக்கிற பையன். எங்கள் பண்ணையிலேயே கல்யாணம், மத்தியானம் மூணு மணிக்கு. எங்கள் பக்கம் கல்யாணப் படங்களில் ஒரு விளையாட்டுப் படம் உண்டு. மாப்பிள்ளை ஓடிவிடாமல் இருக்க, பெண்ணின் அப்பா அவன் முதுகில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு நிற்பார். என் அப்பா என் கல்யாணத்தில் என் கணவர் நாரிஸுக்கு அப்படி நின்றார். அந்தப் படம் எங்கள் வரவேற்பறையில் முப்பத்திநாலு வருஷமாக இருக்கிறது. அதனால் டெஸாவுக்கும் அது வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். இதை நான் யார் தலையிலும் சுமத்த முடியாது.

நாரிஸிடம் இருப்பது கறுப்புப் பிளாஸ்டிக் பிடி போட்ட புதுத் துப்பாக்கி. படத்துக்கு அசிங்கமாக இருக்கும் என்று டெஸா மாமாவிடம் எழுபத்துமூணைக் கேட்டாள். அதை அவன் சொந்தப் படுக்கையறைக்கு வெளியே கொண்டுபோகவே பத்து தடவை யோசிப்பான். மருமகள் கேட்டதும் மறுக்க முடியவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவனே எடுத்துக்கொண்டு வந்தான். எங்கள் ஊரில் துப்பாக்கி கை மாறும்போது ஒரு முறை இருக்கிறது. கொடுப்பவர் திறந்து காட்டவேண்டும், வாங்குபவர் குனிந்து பார்க்கவேண்டும். டெல்மர் லீவரைத் திறந்து காட்டினான். நாரிஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே பார்த்தார். காலி. இரண்டு பேருமே சின்ன வயசிலிருந்து துப்பாக்கியோடு வளர்ந்தவர்கள், ஒரு தடவைகூட அலட்சியமாக இருந்ததில்லை. நாரிஸ் அதைத் தன் பிக்கப் வண்டியில், பின் கண்ணாடியை ஒட்டி இருக்கிற மாட்டலில் தொங்கவிட்டார்.

மறுநாள் வெயில் காலை பத்து மணிக்கே சதம் அடிக்கப் பார்த்தது. கேக்கை எடுத்துக்கொண்டு, டெல்மரையும் கூட்டிக்கொண்டு வருவதற்காக நான் ஊருக்குப் போயிருந்தேன். அவனுக்கு டை கட்டத் தெரியாது. சமையலறையில் நின்று நான் கட்டிவிட்டேன். எதிரே ஃபிரிட்ஜில் அந்தக் காகிதம். கல்யாண வீட்டுச் சந்தோஷம், கிண்டல் பண்ணாமல் இருக்க முடியுமா?

"ஏன்டா, ஒரே ஓட்டையில ரெண்டு குண்டு போட்டவனே, ஒரு டை முடிச்சு போடத் தெரியலையே."

"சிரி, சிரி. அந்த ஆறாவதுதான் என்னைப் படுத்துது. பித்தளைக்கூடு அஞ்சுதான் கிடைச்சுது. பனிக்குள்ள விழுந்திருக்கும்னு விட்டுட்டேன். பனி உருகினப்புறம் ஏப்ரல்ல மூணு தடவை போயி வாரியை வெச்சு வாரிப் பாத்துட்டேன். காணவே காணோம்."

அவன் சுட்ட தோட்டாக்கூடுகளைத் திரும்பப் பொறுக்கி வந்து, மருந்து நிரப்பி மறுபடி உபயோகிக்கிறவன். ஒரு கூடு தொலைந்தால் பால் பல் விழுந்த குழந்தை மாதிரி தேடுவான். நான் முடிச்சை இறுக்கிக்கொண்டே, விளையாட்டாகத்தான் சொன்னேன்.

"ஓட்டையும் அஞ்சு, கூடும் அஞ்சு. நீ சுட்டதே அஞ்சுதான்டா, பெருமைக்காரா."

அவன் முகம் என் கைக்கு நேர் மேலே இருந்தது. அதிலிருந்து ரத்தம் வற்றிப்போவதை நான் பார்த்தேன். அறுபத்தொரு வயசு ஆள், வெயிலில் காய்ந்து செங்கல் நிறமாக இருப்பவன், வெள்ளை வெளேர் என்று ஆனான்.

"ஆறு போட்டேன்," என்றான். "அக்கா, நான் ஆறு உள்ள போட்டேன். பெட்டியில எப்பவும் ஆறு ஆறாத்தான் எடுத்து வெப்பேன்."

"சரி. அப்ப ஆறாவது எங்க?"

கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே உறைத்தது. என் விரல்கள் அவன் டையைப் பிடித்தபடியே இருந்தன, எடுக்க முடியவில்லை.

அவன் வேகமாக, என்னிடம் சொல்வது போலவும் தனக்கே சொல்லிக்கொள்வது போலவும் சொன்னான். அந்தக் குளிரில் குழாய்க்குள் இருக்கும் பழைய கிரீஸ் கட்டியாகியிருக்கும். வாணலியில் பன்றிக்கொழுப்பு உறைந்து கிடக்குமே, அப்படி. சுருள்வில் அதில் மாட்டிக்கொண்டு கடைசித் தோட்டாவைத் தள்ளாமல் நின்றிருக்கும். திறந்து பார்த்தால் காலியாகத்தான் தெரியும். குலுக்கினாலும் சத்தம் வராது. துப்பாக்கிகள் இருக்கிற அவன் படுக்கையறை வீட்டு நிலவறையில், கோடையிலும் குளுகுளுவென்று இருக்கும், அதனால் இத்தனை மாதமும் அப்படியே இருந்திருக்கும். கொழுப்பு இளகினால் வில் தள்ளும். தள்ளினால் தோட்டா பின்னால் வந்து உட்காரும். அடுத்த முறை யார் லீவரை அசைத்தாலும் அது நேராகக் குழலில் ஏறும்.

"இப்ப அது எங்க இருக்கு?" என்று கேட்டான்.

"பிக்கப்ல. நேத்துலேருந்து. கண்ணாடிக்குப் பக்கத்துல."

வெளியே வெயில் சமையலறைத் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. படம் எடுக்கிற நேரம் பதினொன்றரை. கடிகாரத்தில் பத்து ஐம்பது. பண்ணைக்கு இருபத்தெட்டு மைல்.

நாரிஸுக்குப் போன் செய்தேன். எங்கள் பண்ணை பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது, அங்கே கைபேசி வேலை செய்யாது. வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் வெளியே, கொட்டகைப் பக்கம், நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்கள். இன்னொரு தடவை அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. கேக்கைப் பின் சீட்டில் எறியாத குறையாக வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஊரைத் தாண்டியதும் ரயில் கேட் விழுந்தது. கோதுமை ஏற்றிய சரக்கு ரயில். எங்கள் பக்கத்துக் கோதுமை வண்டிக்கு நூற்றுப் பத்துப் பெட்டி இருக்கும், ஆமை மாதிரி போகும். சுற்றிப் போனால் பதினாலு மைல் அதிகம். நின்றோம். ஜன்னல் வழியே அனல் அடித்தது. வண்டிக்குள் இவ்வளவு சூடு என்றால் அந்த பிக்கப்பின் கண்ணாடிக்குள் எவ்வளவு இருக்கும் என்று நினைத்தேன். நினைக்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. கிரீஸ் சொட்டுச் சொட்டாக இளகுவது என் கண்ணுக்குள் தெரிந்தது. வேட் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் சுட்ட ரூபார்ப் இனிப்புப் பலகாரத்தை மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு நாலாவது கேட்கக் கூச்சப்பட்டு நின்றது ஞாபகம் வந்தது. அழுகை முட்டியது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"அன்னிக்கே உனக்குச் சந்தேகம் வரலையா?"

டெல்மர் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துது," என்றான். "அன்னிக்குச் சாயங்காலமே வந்துது. கூடு அஞ்சு, ஓட்டை அஞ்சு. ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்த முனைத் திருகுல வெச்சேன் அக்கா. வெச்சுட்டேன். அதோட கீறலப் பாத்தேன். நூத்து முப்பது வருஷமா யாரும் தொடாதது. ரெண்டு குண்டு ஒரே ஓட்டையில போயிருக்கும்னு எனக்கு நானே சொல்லிட்டு, ஸ்க்ரூடிரைவரைக் கீழ வெச்சுட்டேன்."

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் வேண்டும். "என் மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அந்தத் திருகை உன் நெஞ்சுல வெச்சுப் புதைக்கச் சொல்றேன்" என்றேன். கூடப்பிறந்தவனிடம் அப்படிச் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான், நியாயம்தானே என்பது போல. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசிப் பெட்டி போனது. கேட் முழுசாக எழும்பும் முன்பே நான் பாய்ந்தேன். சரளைச் சாலையில் எழுபது மைல் வேகம். தம்பி சீவி வைத்த சாலை, ஒரு மேடு பள்ளம் இல்லை. பின்னால் கேக் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது, நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினொன்று நாற்பதுக்கு எங்கள் கம்பிக் கேட். டெல்மர் இறங்கி ஓடித் திறந்தான். அவன் ஓடி நான் பார்த்தது பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு அன்றுதான்.

சரிவில் இறங்கும்போது கொட்டகையும் காட்டன்வுட் மரங்களும் தெரிந்தன. மர நிழலில் வெள்ளையாக டெஸா. அவளுக்குப் பக்கத்தில் கறுப்பு சூட்டில் வேட். அவன் முதுகுக்குப் பின்னால் நாரிஸ். நாரிஸின் கையில் நீளமாக அது. எதிரே கேமராவோடு குனிந்த பெண். ஒரு வினாடி எனக்கு மூச்சு வந்தது, எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று. அடுத்த வினாடியே போயிற்று. படம் இன்னும் முடியவில்லை.

நான் ஹாரன்மேல் கையை வைத்தேன். டெல்மர் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அடிக்காதே. திரும்பிப் பாப்பாரு. திரும்பும்போது விரல் அதுமேல இருக்கும். கத்தவும் கத்தாதே. சாதாரணமா வண்டியை நிறுத்து."

என் வாழ்க்கையிலேயே கஷ்டமான காரியம் அதுதான். இரண்டு பிள்ளை பெற்றதுகூட அவ்வளவு கஷ்டம் இல்லை. விருந்தாளி மாதிரி மெல்ல ஓட்டிப்போய், மற்ற வண்டிகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன். என் கால்கள் நடந்தன. டெல்மர் எனக்கு முன்னால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சும்மா வேடிக்கை பார்க்க வருபவன் போல நடந்தான். அவன் கழுத்தில் வியர்வை ஆறாக ஓடியது. கேமராப் பெண் "இன்னும் ஒண்ணே ஒண்ணு, மாப்பிள்ளை கண்ணை மூடிட்டாரு" என்று சொல்வது கேட்டது. நாரிஸ் கட்டைவிரலால் துப்பாக்கியின் சுத்தியை, விசையை இழுத்தால் வந்து அடிக்கிற இரும்பை, பின்னுக்கு இழுத்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. வேட் கையை உயரத் தூக்கிக்கொண்டு சிரித்தான்.

"நாரிஸ், ஒரு நிமிஷம்," என்றான் டெல்மர், அலுத்துக்கொள்ளும் குரலில். "அதுமேல ஒரே தூசியா இருக்கு. படத்துல அப்படியே தெரியும். கொடுங்க, துடைச்சுத் தரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆரம்பிச்சுட்டார்டா மாமா என்று டெஸா முனகினாள். அவன் அப்படிப்பட்டவன் என்று ஊரறியும், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாரிஸ் கண்ணைச் சிமிட்டிவிட்டு, குழலை வானத்தைப் பார்த்து உயர்த்தி, அதை நீட்டினார். டெல்மர் வாங்கி, சுத்தியை விரலால் பிடித்து மெல்ல இறக்கினான். எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பினான். நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். தொப்பியை மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு லீவரைத் தள்ளினான்.

தொப்பிக்குள் டொப் என்று ஒன்று விழுந்தது.

முழுத் தோட்டா. ஈயக்குண்டு அப்படியே இருந்தது. அவன் அதை விரலால் புரட்டினான். பின்பக்கத்தில், நடுவில், சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு செப்பு வட்டம் இருக்கும். சுத்தி விழும்போது ஊசி அந்த இடத்தில்தான் குத்தும். குத்தினால் தோட்டா வெடிக்கும். அந்த வட்டத்தில் மூன்று குழிகள் இருந்தன.

எனக்குத் துப்பாக்கி தெரியாது. அந்த மூன்று குழியைப் படிக்கத் துப்பாக்கி தெரியவேண்டியதில்லை.

"எத்தனை படம் எடுத்தீங்க?" என்று டெல்மர் திரும்பாமலேயே கேட்டான்.

"நாலாவது இது," என்றார் நாரிஸ். "முதல் தடவை லீவரை அசைச்சப்போ என் முழங்கை மறைக்குதுன்னா இந்தப் பொண்ணு. அப்புறம் வெறும் சுத்தியை இழுத்து இழுத்து டிக்குனு விட்டேன். சத்தம் கேட்டாத்தான் வேட் முழிக்கிறான். ஏன், கீறல் ஏதாவது பட்டுச்சா?"

"இல்ல. தூசிதான்."

தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, தோட்டாவை உள்ளங்கையில் மறைத்தபடி, இது வேண்டாம், வெயில்ல பாலிஷ் போயிடும், உங்களோடதையே வெச்சு எடுங்க என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனான். யாரும் வேறு துப்பாக்கியைக் கொண்டுவரவில்லை. மூன்று படம் போதும் என்று விட்டுவிட்டார்கள். நான் பின்னாலேயே போனேன். அவன் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். நான் அவன் முதுகைத் தடவவில்லை. தடவ மனசு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்சம் ஆசுவாசமானதும் அவன் சொன்னான். ஐந்து மாதம் கிரீஸில் ஊறியதால் எண்ணெய் அந்தச் செப்பு வட்டத்துக்குள் இறங்கி, நெருப்புப் பொறி வைக்கும் மருந்தைக் கெடுத்திருக்கிறது. பத்துத் தோட்டாவில் ஒன்றுக்கு அப்படி ஆகலாம். ஆகாமலும் போகலாம்.

"நாரிஸ்கிட்ட சொல்லணும்," என்றேன்.

"அக்கா." அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "எம்மேல என்ன தண்டனை வேணும்னாலும் போடு. ஊர் முழுக்கச் சொல்லு. அவர்கிட்ட மட்டும் வேணாம். மூணு தடவை அவரு விசையை இழுத்திருக்காரு. தெரிஞ்சுதுன்னா அந்தக் கையை அவரால அப்புறம் பாக்க முடியாது."

நான் நாரிஸோடு முப்பத்திநாலு வருஷம் வாழ்ந்தவள். செத்துப் பிறந்த கன்றுக்குக்கூட இரண்டு நாள் வாய் திறக்காமல் சுற்றுகிற மனுஷன். டெல்மர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. சரி என்று தெரிந்ததற்காகவும் அவன்மேல் ஆத்திரமாக இருந்தது. வெளியே டெஸா என்னைக் கூப்பிட்டாள், கேக் ஏன் ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறது என்று. போனேன். கத்தியை நனைத்து நனைத்துக் கிரீமைச் சரிசெய்தேன். கல்யாணம் நடந்தது. மூணு மணிக்கு வேட் 'சம்மதம்' என்று சொன்னபோது நான் வாய்விட்டு அழுதேன். பெண்ணைப் பெற்றவள் அழுவது வழக்கம்தானே, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் டெல்மர் பதினோரு துப்பாக்கியையும் கட்டிலில் கிடத்தி ஒவ்வொரு திருகையும் கழற்றினான். குழாய்களை மண்ணெண்ணெயில் கழுவி, ஒளி தெரிகிற வரைக்கும் துடைத்து, மறுபடி மாட்டினான். இரண்டு மூன்று திருகுகளின் தலை பிய்ந்துவிட்டது. சேகரிப்புக்காரர்கள் கேட்டால் குடும்பத்தில் சின்னப்பசங்க விளையாடிட்டாங்க என்கிறான். அவன் குடும்பத்தில் சின்னப்பசங்களே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் லீவரை அசைத்துக் கேட்கிறான். ஆனால் கண்ணை மூடுவதில்லை. நான் அவனிடம் மறுபடி சாதாரணமாகப் பேச ஆரம்பிக்க செப்டம்பர் ஆனது.

நவம்பரில் நன்றித் திருநாள் சாப்பாட்டுக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினோம். வேட்டின் அப்பா அம்மாவும் வந்திருந்தார்கள். டெஸா அந்தக் கல்யாணப் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். நாரிஸ் வான்கோழியை அறுத்துக்கொண்டே படத்தைக் காட்டி, இப்போதெல்லாம் எந்தக் கூட்டத்திலும் சொல்கிற கதையை ஆரம்பித்தார்.

"நான் இந்தப் பய முதுகுல வெச்சு மூணு தடவை சுட்டேன். மூணு தடவை! அசைஞ்சானா பாருங்க. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவன்தான் என் மாப்பிள்ளைன்னு."

மேஜையே சிரித்தது. வேட் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தன் அப்பா பாதியில் வந்து உட்கார்ந்ததால் அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது, இன்னொரு தரம் முதலிலிருந்து சொல்லுங்க என்று நாரிஸைக் கேட்டுக்கொண்டான். டெல்மர் எழுந்து, அப்போதுதான் வைத்த தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். உள்ளே குழாய்த் தண்ணீர் விழ ஆரம்பித்தது. நாரிஸ் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் தெரியும்படி, வலது கையின் சுட்டுவிரலை மடக்கிக் காட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன்.